துவாதசிப் பந்தியில் அப்பா

ஊர் கூடி உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நம் பக்கம் எத்தனையோ பெயர்கள் உண்டு. அவற்றில் சில எனக்குப் பத்து வயதுக்குள்ளேயே தெரிந்திருந்தன. எங்கள் வீட்டில் சாப்பிட இருந்தது அப்பாவும் நானும் மட்டும்தான் என்பதால், எல்லாமே காதால் கேட்டு அறிந்தவை.

அப்பா சொல்வது அசனம். அவருக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு ஊர். அங்கே சர்ச் பண்டிகை முடிகிற அன்று, பனை ஓலைப் பந்தலுக்குள் அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறும் குழம்பும் கொதிக்கும். அரிசியும் தேங்காயும் விறகும் வீட்டுக்கு வீடு வந்து குவியும். அசனத்துக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை என்பார் அப்பா. கோயில் மணி அடித்தால் போய் உட்கார வேண்டியதுதான். அவர்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் வாளியில் சோறு போய்ச் சேரும். இதைச் சொல்லும்போது அப்பாவின் பேச்சு அவர் ஊர்ப் பேச்சாக மாறிவிடும். மற்ற நேரங்களில் அவர் எங்களைப் போலத்தான் பேசுவார்.

நாங்கள் காட்டூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்காவுக்குத் துறையூர்ப் பக்கம். அவர் சொல்வது கிடா வெட்டு. குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயைப் பங்காளிகள் எல்லோரும் வேனில் போய் வெட்டி, கோயிலடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அந்தக் கறியில் ஒரு துண்டுகூட ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். அதனால் அக்கா எனக்கென்று கொண்டுவருவது கதை மட்டும்தான். எலும்புக் குழம்பு எப்படிக் காரமாக இருந்தது, எந்தச் சித்தப்பா வெட்கமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார் என்று மாடிப்படியில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நான் எச்சில் விழுங்கிக்கொண்டு கேட்பேன்.

அப்பாவுக்கு பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை. ஷிப்ட் முடிந்து அவர் வருவதற்குள் பெரும்பாலும் நான் தூங்கியிருப்பேன். சோறும் குழம்பும் சமைத்து மூடி வைத்திருப்பார். நான் டி.வி.யைப் போட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காருவேன். கீழ் வீட்டில் அக்கா ஒவ்வொருவராகச் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் படி வழியாக மேலே வரும். “வாங்க, ஆறிப் போகுது” என்பார். ஒரு நாள் என்னையறியாமல் “தோ, வரேன்” என்று சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன், யாருக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் வெட்கமாகப் போய்விட்டது. டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அம்மாவுக்கு எந்த ஊர் என்று கேட்டால் அப்பா திருச்சிதான் என்பார். திருச்சியில் எங்கே என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்பார். அம்மாவுக்கு ஆட்கள் யாரும் இல்லையா என்று கேட்டதற்கு, இருக்கிறார்கள், தூரத்தில் இருக்கிறார்கள் என்றார். காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதை வைத்துப் பார்த்தால் அது பொய் இல்லை. அப்பாவின் ஆட்களும் தூரத்தில்தான் இருந்தார்கள். அம்மா ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளவில்லை என்று பெரியப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். மணி அடித்தால் யாரும் போய் உட்காரலாம் என்கிற அந்த அசனத்துக்கு நாங்கள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், மார்கழியில், அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் பேசினார். பேசினார் என்பதைவிடக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். ‘சரிங்க, சரிங்க’ என்பது மட்டும் எனக்குக் கேட்டது. கீழே இறங்கி வந்தவர் பெட்டியைத் திறந்து அம்மாவின் அரக்குப் பட்டுப் புடவையை எடுத்தார். மறுநாள் அதைத் தையல்காரரிடம் கொடுத்து எனக்குப் பாவாடை சட்டை தைக்கச் சொன்னார். புடவையை வெட்டும்போது அப்பா கடை வாசலுக்கு வந்து நின்றுகொண்டார்.

வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் ஜில்லாவில் ஸ்கூல் லீவு. அன்று அப்பாவும் வேலைக்குப் போகவில்லை. எனக்கு மட்டும் சோறு வடித்துப் போட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று நாள் முழுக்க டீயாகக் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா இருந்தவரை ஏகாதசி தோறும் அப்படித்தான் இருப்பாள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். சாயங்காலம் சொன்னார்: நாளைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் சாப்பாடு போடுகிறார்கள், விடியலில் கிளம்ப வேண்டும்.

மறுநாள் கீழ் வீட்டு அக்கா எனக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டார். அப்பா கேட்டுக்கொண்டதால் பொட்டும் வைத்தார். அதுவரை எனக்குப் பொட்டு வைத்துப் பழக்கமில்லை. நெற்றியில் என்னவோ ஊர்வது போல இருந்தது. கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவைச் செயினை அப்பா கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, கூட்டத்தில் அறுந்துவிடும் என்றார். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒரு பெண் பட்டுப் பாவாடையோடு நின்றாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் ஏறினோம். பாலத்தில் போகும்போது பனியில் காவிரியே தெரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம் இன்னும் கலையவில்லை. ராத்திரி முழுக்கத் தெருவோரம் படுத்திருந்தவர்கள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். தெலுங்கும் கன்னடமுமாகச் சத்தம். தடுப்புக் கட்டைகளைச் சுற்றிச் சுற்றி நடந்து சித்திரை வீதிக்கு வந்தோம். வாழைமரம் கட்டிய ஒரு வீட்டின் எதிரே அப்பா நின்றார். பத்துப் பேர் உள்ளே போவதும், பத்துப் பேர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தது.

அது அம்மா பிறந்து வளர்ந்த வீடு. அன்று எனக்கு அது தெரியாது. முந்தின நாள் பட்டினி கிடந்து பெருமாளைச் சேவித்த யாத்திரைக்காரர்களுக்கு, மறுநாள் துவாதசியன்று அந்த வீட்டில் வருஷா வருஷம் சாப்பாடு போடுவார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ததீயாராதனம். பெருமாளின் அடியார்களுக்குச் செய்யும் ஆராதனை என்று அர்த்தம். பசித்து வந்தவன்தான் அன்றைக்கு அங்கே சாமி. ஆகையால் இலையில் உட்கார்ந்தவரிடம் பேரும் குலமும் கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டுப் பெரியவரின், அதாவது என் தாத்தாவின், கண்டிப்பு. மகள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவரைப் பற்றி அவர் விசாரித்தது அந்த இரண்டையும் மட்டும்தான். அப்பாவின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

அம்மா வீட்டைவிட்டு வந்த பிறகு அவள் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். யாரும் எடுக்கவில்லை. அம்மாவின் அண்ணாவுக்கு, என் மாமாவுக்கு, மட்டும், அம்மா இறந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது. அவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி வந்திருந்த தாத்தாவிடம் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. பண்டிகை போகட்டும், மழைக்காலம் போகட்டும் என்று தள்ளிப் போட்டதில் வருஷங்கள் ஓடிவிட்டன. தாத்தாவைப் பொறுத்தவரை அவர் மகள் எங்கேயோ கோபமாக உயிரோடு இருந்தாள்.

போனில் பேசியது அந்த மாமாதான். எதுவும் சொல்லாமலே பேத்தியைத் தாத்தா ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. துவாதசிக் கூட்டத்தில் ஒரு குழந்தை வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது என்று நினைத்திருக்கிறார். அப்பா எதிர்ப்பக்கம் நிற்க வேண்டியது, நான் மட்டும் உள்ளே போக வேண்டியது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் யோசித்தவர்கள், என்னைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

“நீ போய்ச் சாப்பிட்டு வா, பாப்பா. நான் இங்கேயே நிக்கிறேன்” என்றார் அப்பா.

“நீங்க வரலையா?”

“எனக்குப் பசிக்கல.”

நேற்றிலிருந்து டீயைத் தவிர ஒன்றும் சாப்பிடாதவர் அப்படிச் சொன்னது எனக்குப் புரியவில்லை. உள்ளே தெரிந்த முகங்கள் ஒன்றுகூடத் தெரிந்த முகமாக இல்லை. யாராவது கேட்டால் சாப்பிட வந்தேன் என்று சொன்னால் போதும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒன்றும் பயமில்லை என்றார். முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“வீட்லதான் தினம் தனியா சாப்பிடறேன். இங்கேயும் தனியாவாப்பா?”

அழாமல்தான் கேட்டேன். அப்பா என்னையே பார்த்தார். பிறகு அந்த வீட்டு வாசலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

வாசலில் ஒருவர் வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் நாமம், தோளில் ஈரத் துண்டு. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் போனவர், பின்னால் அப்பா வருவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். செம்பிலிருந்து தண்ணீர் என் காலுக்குப் பதில் கோலத்தில் விழுந்தது. அதுதான் மாமா. அப்பா மெதுவாக, குழந்தை தனியாகப் போக மாட்டேன் என்கிறாள் என்றார். மாமா உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “வாங்கோ” என்று மட்டும் சொன்னார்.

நீளமான கூடத்தில் இரண்டு வரிசையாக இலை போட்டிருந்தது. மாமா எங்களைக் கடைசியில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். என்னுடைய ஒரு பக்கம் அப்பா. மறுபக்கம் ஒரு தெலுங்கு அம்மா. அவர் தன் இலையை இழுத்து எனக்கு இடம் விட்டு, பாவாடை ஈரத்தில் படாமல் ஒதுக்கிவிட்டார். இரண்டு முழங்கையும் இரண்டு பேர் மேல் இடிக்க நான் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் இடிப்பதற்கு யாரும் கிடையாது.

அகத்திக்கீரை வந்தது. நெல்லிக்காய்ப் பச்சடி வந்தது. சுண்டைக்காய் வந்தது. பட்டினி இருந்த வயிற்றுக்கு இவைதான் நல்லதாம். எனக்கு எல்லாமே கசந்தது. அப்பாவுக்குப் பிடிக்காத கீரை அது. ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டு முதல் வாயாக அதைத்தான் எடுத்துச் சாப்பிட்டார்.

கூடத்தின் மறுகோடியில் ஊஞ்சலிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். உயரமாக, மெலிந்து, லேசாகக் கூன் விழுந்து இருந்தார். நெய்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு இலையாகக் குனிந்து வந்தார். எல்லோரிடமும் எந்த ஊர் என்று கேட்டார், பெருமாளைச் சேவித்தாயிற்றா என்று கேட்டார், கூச்சப்படாமல் சாப்பிடச் சொன்னார். தெலுங்கு அம்மாவிடம் தெலுங்கிலேயே ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். மாமா சாத்தமுது வாளியை எடுத்துக்கொண்டு அவசரமாக எங்கள் பக்கம் வந்தார். சாத்தமுது என்றால் ரசம். ஆனால் பெரியவர் அவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார்.

“எந்த ஊர்லேர்ந்து வரேள்?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“திருச்செந்தூர்ப் பக்கம்ங்க.”

“அவ்வளவு தூரத்திலேர்ந்தா, குழந்தையையும் அழைச்சிண்டு? ரொம்ப சந்தோஷம். உங்க பக்கமெல்லாம் இந்த மாதிரி ததீயாராதனம் உண்டோ?”

அப்பா கொஞ்சம் தயங்கினார். “உண்டுங்க. நாங்க அசனம்னு சொல்லுவோம்.”

பெரியவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மாமாவைத் திரும்பிப் பார்த்து, “கேட்டியோடா, அசனம்ங்கறா. அசனம்னா போஜனம். சுத்தமான சம்ஸ்கிருதம். நாம விட்டுட்டோம், தெற்கே ஜனங்கள் விடாம வச்சிண்டிருக்கா” என்றார். எனக்கு ஒரே பெருமை. மணி அடித்துக் கூப்பிடுவார்கள், சர்ச் வாசலில் பந்தல் போடுவார்கள் என்று மற்றதையும் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அப்பாவின் இடது கை என் முழங்காலை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவர் என் பக்கம் நகர்ந்து, என் இலையில் ஒரு கரண்டி நெய் ஊற்றினார். பாவாடையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பட்டு அவர் வாங்கிக் கொடுத்ததா, அவருக்கு அது நினைவு வந்ததா என்பதெல்லாம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

“அம்மா வரலையா, குழந்தே?”

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஒவ்வொரு வருஷமும் புது டீச்சர் வரும்போது எழுந்து நின்று சொல்கிற பதில்தான். சொல்லிவிட்டால் அவர்கள் ஐயோ பாவம் என்பார்கள், நான் உட்கார்ந்துகொள்ளலாம். வாயைத் திறந்தேன்.

“வீட்ல இருக்காங்க” என்றார் அப்பா.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழைச்சிண்டு வரப்படாதோ?”

“உடம்புக்கு முடியலைங்க.”

அப்போது மாமா சாத்தமுதை ஊற்றினார். என் சோற்றில் விழுந்தது, இலை நிறைந்தது, அதற்கு மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தார். தரையில் ஓடி என் பாவாடையைத் தொட்ட பிறகுதான் தெலுங்கு அம்மா சத்தம் போட்டு அவரை நிறுத்தினார். பெரியவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அவருடைய யோசனை வேறெங்கோ இருந்தது.

“பத்தியம் ஒண்ணும் இல்லையே?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“இல்லைங்க.”

“அப்போ அவாளுக்கும் கட்டிக் குடுக்கச் சொல்றேன். ஆத்துல படுத்திண்டிருக்கறவாளுக்குப் போகாம என்ன ததீயாராதனம்?”

என் தலையில் வைக்கக் கையைத் தூக்கினார். விரலில் நெய் வழிவதைக் கண்டு, அந்தக் கையை அப்படியே இறக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

கடைசியாக அக்காரவடிசல் வந்தது. நெய்யும் பாலுமாகக் குழைந்து, அதுவரை தின்ற கசப்பெல்லாம் போகும்படி இருந்தது. மாமா எனக்கு இரண்டு தடவை போட்டார். போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசை மொத்தமும் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அப்பா இலையில் ஒரு பருக்கை இல்லாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் கிளம்பும்போது பெரியவரே பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வாழையிலையில் வைத்து, மேலே பேப்பர் சுற்றி, நாரால் கட்டியிருந்தது. அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“ஆறறதுக்குள்ள குடுத்துடுங்கோ” என்றார் பெரியவர்.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அப்பா பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பாலம் தாண்டினோம். பிறகு சட்டைப் பையிலிருந்து செயினை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டார். கொக்கி மாட்ட வெகுநேரம் ஆயிற்று. நான் கேட்டேன், அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று ஏன் சொன்னீர்கள் என்று.

“அவர் கேட்டப்போ அப்படித்தான் சொல்ல வந்துச்சு, பாப்பா” என்றார்.

அடுத்த வருஷமும் மார்கழியில் மாமா போன் செய்தாராம். அப்பா மறுத்துவிட்டார். அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று இன்னொரு தடவை அவரிடம் சொல்ல முடியாது என்றாராம். இதெல்லாம் நான் காலேஜில் படிக்கும்போது, தாத்தா இறந்து சில வருஷங்கள் கழித்து, மாமா முதல்முறையாகக் காட்டூர் வீட்டுக்கு வந்து சொன்னது. நாங்கள் போகாத அந்தத் துவாதசியில் தாத்தா கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை வாசல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். அந்த அசனக்காரர் வந்தாரா என்று கேட்டாராம். அவருடைய ஆத்துக்காரிக்கு உடம்பு தேவலையாமா என்று கேட்டாராம். குணமாகிவிட்டதாம் என்று மாமா சொல்லியிருக்கிறார். தாத்தா திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனாராம். அதற்கு அடுத்த துவாதசிக்கு அவர் இல்லை. மாமா இதைச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அப்பா சமைத்திருந்தார். மூன்று தட்டு வைத்தோம். அதோடு சரி. அதன்பின் மாமா தன் மகன் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார், அந்த வீடு கைமாறிவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

ஆனால் இவையெல்லாம் வெகுகாலம் கழித்து. அன்றைக்கு நாங்கள் காட்டூர் வந்து இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. நான் பட்டுப் பாவாடையை மாற்றிக்கொண்டேன். சாத்தமுது பட்ட இடத்தில் மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. கீழே போய் அக்காவிடம் ஊர்க் கதையெல்லாம் சொன்னேன். தடவை தடவையாக நெய் ஊற்றினார்கள் என்றேன். எனக்கும் சொல்ல ஒரு பந்தி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், எந்த ஊர் என்று கேட்ட பெரியவரைப் பற்றியும் சொன்னேன். அக்கா என் நெற்றியைத் துடைத்துப் பொட்டை எடுத்துவிட்டார். அப்போதுதான் பொட்டலத்தில் அக்காரவடிசல் இருக்கும் என்று எனக்கு நினைவு வந்தது. படியேறி ஓடினேன்.

அப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பொட்டலம் பிரிந்து கிடந்தது. சாதம், கீரை, நெல்லிக்காய், ஓரத்தில் அக்காரவடிசல். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவர். எது வாங்கினாலும் எனக்குக் கொடுத்த பிறகே தான் எடுத்துக்கொள்கிறவர். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வாய் எனக்கு ஊட்டுவார் என்று காத்திருந்தேன். கீரையை முடித்தார். சாதத்தை முடித்தார். அக்காரவடிசலையும் விரலால் வழித்துச் சாப்பிட்டார். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். ஆனால் நிறுத்தவில்லை.

அது அம்மாவுக்கென்று கொடுத்தனுப்பிய சாப்பாடு என்பது எனக்குத் தெரியும். அம்மா வந்து சாப்பிட மாட்டாள் என்பதும் தெரியும். அப்படியிருக்க, எனக்கு ஒரு பருக்கைகூடத் தராமல், பிடிக்காத கீரையோடு சேர்த்து, அது ஆறுவதற்குள் அப்பா ஏன் அத்தனை அவசரமாகச் சாப்பிடுகிறார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.